பொது வைஃபைக்கு விபிஎன்: நம்பகமான சேவையைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எழும்பூர் ரயில் நிலையத்தில் ரெயில்வயர் வைஃபையில் இணைந்தால் முதலில் கேட்கப்படுவது உங்கள் கைப்பேசி எண். ஓடிபி வந்து, அதைப் பதிந்த பிறகுதான் இணையம் திறக்கும். விமான நிலையங்களிலும் பெரிய வணிக வளாகங்களிலும் பெரும்பாலும் இதே நடைமுறைதான். எந்த இணையதளத்தையும் திறப்பதற்கு முன்பே, இந்த எண்ணுக்குரியவர் இந்த நேரத்தில் இங்கே இருந்தார் என்பது பதிவாகிவிடுகிறது. விபிஎன் என்பது, உங்கள் இணையப் போக்குவரத்தைப் பூட்டி, தன் சொந்தச் சர்வர் (தொலைவில் உள்ள கணினி) வழியாக அனுப்பும் சேவை. ஆனால் உலகின் எந்த விபிஎன்னாலும் இந்தப் பதிவை மறைக்க முடியாது. விபிஎன் விளம்பரங்கள் இதைச் சொல்வதே இல்லை என்பதால் நான் இங்கிருந்து தொடங்குகிறேன்.

விளம்பரங்கள் சொல்வது வேறு. காபிக் கடையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் வங்கி பாஸ்வேர்டைத் திருடிவிடுவார் என்று பயமுறுத்துகின்றன. ஒரு காலத்தில் அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. 2010 அக்டோபரில் ஃபயர்ஷீப் என்ற ஒரு சிறிய ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி வெளியானது. அதை நிறுவிக்கொண்டால், அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே சொடுக்கில் நுழைந்துவிடலாம். பெரிய தளங்கள்கூட அப்போது நுழைவுப் பக்கத்தை மட்டும் குறியாக்கம் செய்துவிட்டு (அதாவது, இடையில் இருப்பவர் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டு) மற்றதைத் திறந்தே விட்டிருந்தன. இன்று நிலைமை அப்படியில்லை. வங்கி, மின்னஞ்சல், சமூக ஊடகம் என நாம் அன்றாடம் திறக்கும் ஏறக்குறைய எல்லாமே எச்டிடிபிஎஸ் என்ற குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்பு வழியாகத்தான் வருகின்றன. குறியாக்கம் இல்லாத தளங்களை ‘பாதுகாப்பற்றது’ என்று குரோம் உலாவி 2018 ஜூலையிலிருந்து முகவரிப் பட்டையிலேயே குறித்துக் காட்டுகிறது.

அப்படியானால் விபிஎன் எதற்கு? நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பதை எச்டிடிபிஎஸ் மறைக்கிறது. எங்கே போகிறீர்கள் என்பதை மறைப்பதில்லை. ஒரு தளத்தைத் திறக்கும்போது அதன் பெயரை முகவரியாக மாற்றித் தரும்படி உங்கள் போன் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கிறது. அந்தக் கேள்வி பெரும்பாலும் குறியாக்கமின்றிப் போகிறது. இணைப்பு தொடங்கும் கணத்திலும் தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரிகிறது. வைஃபை நடத்துபவருக்கு உங்கள் மின்னஞ்சல் வாசகம் தெரியாது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு நீங்கள் திறந்தது ஒரு மனநல ஆலோசனைத் தளமா, கடன் செயலியா, வேறு நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கமா என்பது தெரியும். கைப்பேசி எண்ணும் அவரிடமே இருப்பதால், இரண்டையும் இணைத்தால் ஒரு மனிதரின் அந்தரங்கம் கிடைத்துவிடும். விபிஎன் மறைப்பது இதைத்தான். வைஃபை நடத்துபவருக்கு ஒரே ஒரு சர்வருடன் நீங்கள் குறியாக்கத்தில் பேசிக்கொண்டிருப்பது மட்டுமே தெரியும்.

ஆனால் அதுவரை வைஃபைக்காரர் பார்த்துக்கொண்டிருந்த அனைத்தையும் இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும் இடத்துக்கு வந்துவிடுகிறது. தெருமுனைக் கடைக்காரரை நம்பாமல், கண்ணால் பார்த்திராத ஒரு வெளிநாட்டு நிறுவனத்தை நம்புகிறீர்கள். அதனால் வேகம், எத்தனை நாடுகளில் சர்வர், எத்தனை சதவீதம் தள்ளுபடி என்பதெல்லாம் அப்புறம். ஒரு விபிஎன்னைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: நாளை யாராவது வந்து உங்களைப் பற்றிய தகவலைக் கேட்டால், எடுத்துக் கொடுக்க அந்த நிறுவனத்திடம் என்ன இருக்கும்? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகள்தான்.

படி 1: உங்களுக்கு விபிஎன் தேவையா என்று பாருங்கள்

மாதத்துக்கு ஒருமுறை ரயில் நிலையத்தில் பத்து நிமிடம் டிக்கெட் நிலவரம் பார்ப்பவருக்குப் பணம் கட்டி விபிஎன் வாங்கவேண்டிய அவசியம் இல்லை. உங்கள் சிம்மில் டேட்டா இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மடிக்கணினிக்குப் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுங்கள். நம் நாட்டில் மொபைல் டேட்டா மலிவு. பொது வைஃபையைத் தவிர்ப்பதே பலருக்கும் போதுமான பாதுகாப்பு.

விபிஎன் பயன்படுவது வேறு வகையினருக்கு. விடுதியிலோ, வாடகை அறையிலோ, பகிர்வு அலுவலகத்திலோ பிறருடைய வைஃபையில் மாதக்கணக்கில் வாழ்பவர்கள், வெளிநாட்டுப் பயணத்தில் உணவகம் உணவகமாக வைஃபை தேடுபவர்கள், செய்தியாளர்கள், வழக்கறிஞர்கள், தாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது வீட்டு உரிமையாளருக்கோ விடுதிக் காப்பாளருக்கோ தெரியக் கூடாது என்று நினைக்கும் எவரும் இதில் அடங்குவார்கள். அப்படி நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை.

படி 2: பெயர் தெரியாத இலவசச் செயலிகளை முதலில் நீக்குங்கள்

பிளே ஸ்டோரில் விபிஎன் என்று தேடினால் வரும் பட்டியலில் பெரும்பகுதி இந்த வகைதான். ‘சூப்பர்’, ‘டர்போ’, ‘அன்லிமிடெட்’ என்று பெயர் இருக்கும். பல லட்சம் பதிவிறக்கம் இருக்கும். நான்கரை நட்சத்திரம் இருக்கும். சர்வருக்கும் அலைவரிசைக்கும் மாதாமாதம் பணம் செலவாகும் ஒரு சேவையை யாரோ ஒருவர் இலவசமாகத் தருகிறார் என்றால், அந்தப் பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதிவான உதாரணங்கள் உண்டு.

ஃபேஸ்புக் நிறுவனம் 2013இல் ஓனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. உங்களைப் பாதுகாக்கும் விபிஎன் என்று சொல்லித்தான் அதன் செயலி விநியோகிக்கப்பட்டது. மக்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதை அதன் வழியே ஃபேஸ்புக் கவனித்து வந்தது. வாட்ஸ்அப்பின் வளர்ச்சியை அந்தத் தரவைக் கொண்டு அளந்ததைக் காட்டும் உள் ஆவணங்களை பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று 2018இல் வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து ஓனாவோ விலக நேர்ந்தது.

ஹோலா என்ற இன்னொரு இலவசச் சேவை, தன் பயனர்களின் இணைய இணைப்பையே வேறு வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்தது 2015இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதாவது, முன்பின் தெரியாத ஒருவர் இணையத்தில் செய்யும் காரியம் உங்கள் ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வந்ததாகப் பதிவாகும். போலீஸ் விசாரித்துக்கொண்டு வந்தால் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். 2020 ஜூலையில் யுஎஃப்ஓ உள்ளிட்ட ஹாங்காங்கைச் சேர்ந்த ஏழு விபிஎன் செயலிகளின் தரவுத்தளம் பூட்டின்றித் திறந்து கிடந்தது. ‘நாங்கள் எதையும் பதிவு செய்வதில்லை’ என்று சொன்ன அந்தச் சேவைகளின் சர்வரில் பயனர்களின் ஐபி முகவரிகளும், குறியாக்கம் செய்யப்படாத பாஸ்வேர்டுகளும் கிடந்தன.

இவையெல்லாம் அபூர்வமான விதிவிலக்குகள் என்று நினைக்கவேண்டாம். ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்களும் இணைந்து 2016இல் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளை ஆராய்ந்தார்கள். 38 சதவீதச் செயலிகளில் தீநிரல் (மால்வேர்) அறிகுறிகள் இருந்தன. 18 சதவீதச் செயலிகள் போக்குவரத்தைக் குறியாக்கமே செய்யவில்லை. விபிஎன் என்ற பெயருக்குரிய ஒரே வேலையைக்கூட அவை செய்யவில்லை.

இலவசத்தில் நான் ஏற்பது, பணம் கட்டும் வாடிக்கையாளர்களால் நடக்கும் நிறுவனம் தரும் இலவசப் பிரிவை மட்டுமே. சுவிட்சர்லாந்தின் புரோட்டான் விபிஎன் அப்படிப்பட்டது. டேட்டா வரம்பு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஒரு நேரத்தில் ஒரே சாதனம்தான், எந்த நாட்டுச் சர்வர் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. இப்படி எதற்குக் காசு, எதற்குக் காசில்லை என்பது வெளிப்படையாகத் தெரிந்தால் அந்த இலவசத்தை நம்பலாம்.

படி 3: முதலாளி யார் என்று பாருங்கள்

நிறுவனத்தின் இணையதளத்தில் ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்குப் போங்கள். பதிவு செய்யப்பட்ட பெயர், முகவரி, நிறுவியவர்களின் பெயர் ஆகியவை இருக்கவேண்டும். வெறும் மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

இருக்கும் பெயர்களையும் கொஞ்சம் தோண்டவேண்டும். தனித்தனிப் பெயரில் விற்கப்படும் சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ், எக்ஸ்பிரஸ் விபிஎன் மூன்றும் கேப் டெக்னாலஜிஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கைக்குப் போயின. கடைசியாகச் சொன்னதை அது 2021இல் 93.6 கோடி டாலருக்கு வாங்கியது. 2018 வரை கிராஸ்ரைடர் என்ற பெயரில் இருந்த அந்த நிறுவனத்தின் பழைய தொழில்நுட்பம், கணினிகளில் தேவையற்ற விளம்பரங்களைத் திணிக்கும் மென்பொருள்களுக்குப் பயன்பட்டதாகப் பேர்வாங்கியது. அதே 2021இல் விபிஎன்மென்டார் என்ற புகழ்பெற்ற விபிஎன் மதிப்புரைத் தளத்தை நடத்தும் நிறுவனத்தையும் கேப் வாங்கியது. விபிஎன்களை விற்பவரும், எந்த விபிஎன் நல்லது என்று வரிசைப்படுத்துபவரும் ஒரே குடும்பம்.

இதை வைத்து அந்தச் சேவைகள் மோசமானவை என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அவற்றுக்கு நல்ல சான்றுகளும் உண்டு, அடுத்த படியில் வருகிறது. ஆனால் ‘2025இன் தலைசிறந்த பத்து விபிஎன்கள்’ என்ற பட்டியல்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். பெரும்பாலான பட்டியல்களில் ஒவ்வொரு இணைப்புக்கும் தரகு உண்டு. யூடியூபர்கள் வீடியோ நடுவே சொல்லும் தள்ளுபடிக் குறியீடும் அதே கணக்குதான்.

படி 4: ‘பதிவு வைப்பதில்லை’ என்ற வாக்கைச் சோதித்துப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிடவேண்டிய படி இதுதான்.

முதலில் தனியுரிமைக் கொள்கையைத் திறங்கள். முழுவதும் படிக்க நேரமில்லை என்றால், மூன்று விஷயங்களை மட்டும் தேடுங்கள். ஒன்று, நீங்கள் இணைந்த நேரமும் துண்டித்த நேரமும் பதிவாகிறதா? இரண்டு, நீங்கள் எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தீர்கள் என்பது பதிவாகிறதா? மூன்று, உங்களுக்கு எந்தச் சர்வர் முகவரி ஒதுக்கப்பட்டது என்பது பதிவாகிறதா? ‘உங்கள் உலாவல் வரலாற்றை நாங்கள் பதிவு செய்வதில்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, இந்த மூன்றையும் ‘சேவைத் தரத்தை மேம்படுத்த’ வைத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. இந்த மூன்றும் கையில் இருந்தால் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

2017இல் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. ஒரு பெண்ணை இணையத்தில் தொடர்ந்து துன்புறுத்திய ஒருவனை எஃப்பிஐ பிடித்தபோது, பியூர் விபிஎன் கொடுத்த பதிவுகள் அதற்கு உதவின. பதிவு வைப்பதில்லை என்று விளம்பரம் செய்துகொண்டிருந்த நிறுவனம் அது. அந்தக் குற்றவாளி பிடிபட்டது நல்லதே. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சொன்ன சொல்லுக்கும் சர்வரில் இருந்ததற்கும் உள்ள தூரம் வாடிக்கையாளர்கள் எல்லோருக்குமானது. ஐபிவேனிஷ் என்ற இன்னொரு விபிஎன் விஷயத்திலும் அதே கதை: 2016இல் அமெரிக்க அதிகாரிகளுக்குப் பதிவுகளைக் கொடுத்தது, 2018இல்தான் வெளியே தெரிந்தது. அதன்பின் உரிமையாளர் மாறிவிட்டார்கள் என்றாலும் பாடம் பாடமே.

மறுபக்கமும் உண்டு. 2023 ஏப்ரல் 18 அன்று ஸ்வீடனின் யோத்தபோரி நகரில் உள்ள முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சோதனை ஆணையுடன் போலீசார் வந்தார்கள். குறைந்தது ஆறு பேர். வாடிக்கையாளர் தகவல் அடங்கிய கணினிகளைக் கைப்பற்றுவது நோக்கம். அப்படிப்பட்ட தகவலே தங்களிடம் இல்லை, இல்லாததைத் தேடிக் கருவிகளை எடுத்துச் செல்வது ஸ்வீடன் சட்டப்படி செல்லாது என்று நிறுவனத்தார் எடுத்துக்காட்டினார்கள். போலீசார் வெறுங்கையுடன் திரும்பினார்கள். முல்வாட் கணக்கு என்பது வெறும் 16 இலக்க எண். மின்னஞ்சலோ பெயரோ கேட்பதே இல்லை. ஒரு நிறுவனத்தைப் பற்றி எனக்கு நம்பிக்கை பிறப்பது இப்படிப்பட்ட நிகழ்வுகளால்தான்.

பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் நிறுவனத்திடம் 2016இலும் 2018இலும் அமெரிக்க வழக்குகளில் தகவல் கேட்கப்பட்டபோது, கொடுக்க எதுவும் இல்லாதது நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. துருக்கியில் ரஷ்யத் தூதர் கொல்லப்பட்ட வழக்கில் எக்ஸ்பிரஸ் விபிஎன்னின் சர்வர் ஒன்றை அதிகாரிகள் கைப்பற்றி ஆராய்ந்தும் பயனர் விவரம் கிடைக்கவில்லை. அது 2017இல் தெரியவந்தது. இவை இரண்டும் கேப் வாங்குவதற்கு முந்தையவை என்பதையும் மனத்தில் வையுங்கள்.

எல்லா நிறுவனத்துக்கும் இப்படிப் போலீஸ் சோதனை வாய்க்காது. அவற்றுக்கு வெளித் தணிக்கை அறிக்கையைப் பாருங்கள். அறிக்கையை எழுதியவர் யார், எந்த ஆண்டு, எதைத் தணிக்கை செய்தார் ஆகிய மூன்றும் முக்கியம். செயலியில் பாதுகாப்பு ஓட்டை உண்டா என்று பார்ப்பது ஒரு வகை. சர்வரில் பதிவு எழுதப்படுகிறதா என்று பார்ப்பது வேறு வகை. முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்ததுபோல் காட்டும் விளம்பரங்கள் உண்டு. பிளே ஸ்டோர் 2025 முதல் சில விபிஎன் செயலிகளுக்குத் தரும் ‘சரிபார்க்கப்பட்டது’ முத்திரையும் செயலியின் பாதுகாப்பைப் பற்றியதே. சர்வரில் என்ன எழுதப்படுகிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. தணிக்கை என்பது அந்த வாரத்தின் நிலைமைக்கான சான்று மட்டுமே என்பதால், ஆண்டுதோறும் அல்லது அதற்கு நெருக்கமாகச் செய்பவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

சர்வர்கள் வன்தட்டு இல்லாமல் நினைவகத்தில் மட்டுமே இயங்குகின்றனவா என்பதையும் கவனியுங்கள். மின்சாரத்தைத் துண்டித்தால் எல்லாம் அழிந்துவிடும் அமைப்பு அது. 2021இல் உக்ரைனில் விண்ட்ஸ்கிரைப் என்ற விபிஎன்னின் இரண்டு சர்வர்கள் கைப்பற்றப்பட்டபோது அவற்றின் வன்தட்டு குறியாக்கம் செய்யப்படாமல் இருந்ததும், முக்கியமான ஒரு சாவிக் கோப்பு அதிலேயே இருந்ததும் தெரிந்தது. நிறுவனம் தானே முன்வந்து அதைச் சொன்னது; அந்த நேர்மைக்கு மதிப்பெண் உண்டு. நார்ட் விபிஎன்னின் பின்லாந்துச் சர்வரில் 2018 மார்ச்சில் ஊடுருவல் நடந்தது. உலகுக்குத் தெரிந்தது 2019 அக்டோபரில். அதன் பிறகு தணிக்கைகளும் நினைவகச் சர்வர்களும் வந்தன என்றாலும், கெட்ட செய்தியை ஒரு நிறுவனம் எப்போது, எப்படிச் சொல்கிறது என்பதை அதன் வரலாற்றில் தேடிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

படி 5: இந்தியச் சட்டத்தை மனத்தில் கொள்ளுங்கள்

இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது பொதுவாகச் சட்டவிரோதம் அல்ல. ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் அவ்வப்போது தடை உத்தரவு பிறப்பிக்கப்படுகிறது. அங்கே பயணம் செய்பவர்கள் அதை விசாரித்துக்கொள்ளவேண்டும்.

சட்டம் கைவைப்பது சேவை தருபவர்கள்மீது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு பிறப்பித்தது. விபிஎன் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், மின்னஞ்சல், ஒதுக்கிய ஐபி முகவரி, எதற்காகப் பயன்படுத்துகிறார் என்பது வரை சேகரித்து, ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்றது அது. அலுவலகங்கள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் விபிஎன்களுக்கு இது பொருந்தாது. அமலாக்கம் 2022 செப்டம்பர் 25க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்குள் எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்ட், புரோட்டான் எல்லாம் இந்தியாவில் இருந்த தம் சர்வர்களை அகற்றிவிட்டன.

இதிலிருந்து நமக்கு இரண்டு பயன். இந்திய மண்ணில் சர்வர் வைத்திருப்பதாகவும், அதேநேரம் எந்தப் பதிவும் வைப்பதில்லை என்றும் ஒரு நிறுவனம் ஒரே மூச்சில் சொன்னால், இரண்டில் ஒன்று பொய்யாக இருக்கவேண்டும், அல்லது அது சட்டத்தை மீறுகிறது. எப்படியும் நமக்கு வேண்டாம். இரண்டாவது, செயலியில் ‘இந்தியா’ என்று இருந்தால் அது பெரும்பாலும் மெய்நிகர் சர்வர்: முகவரி இந்தியாவுடையது, இயந்திரம் சிங்கப்பூரிலோ வேறெங்கோ. இது ஏமாற்று இல்லை, நிறுவனம் அதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால். தமிழ்நாட்டிலிருந்து பயன்படுத்தும்போது வேகத்துக்குச் சிங்கப்பூர் சர்வரே பெரும்பாலும் நல்ல தேர்வு.

2025 ஜனவரியில் அரசின் உத்தரவை அடுத்துச் சில விபிஎன் செயலிகள் இந்தியாவுக்கான ஆப் ஸ்டோரிலிருந்தும் பிளே ஸ்டோரிலிருந்தும் நீக்கப்பட்டன. அதனால் தேர்ந்தெடுத்த செயலி ஸ்டோரில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இல்லையென்றால் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் கோப்பை ஒருபோதும் நிறுவாதீர்கள்.

படி 6: தொழில்நுட்பத்தில் மூன்று விஷயம் போதும்

வயர்கார்டு அல்லது ஓப்பன்விபிஎன் நெறிமுறை (புரோட்டோகால்: உங்கள் சாதனமும் விபிஎன் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) இருக்கவேண்டும். வயர்கார்டு புதியது, வேகமானது. 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே சேர்க்கப்பட்டது. பிபிடிபி என்ற பழைய நெறிமுறையை மட்டும் தரும் சேவை வேண்டாம். அது உடைக்கப்பட்டு வெகுகாலம் ஆகிறது. அடுத்து, விபிஎன் அறுந்துபோனால் இணையத்தையே நிறுத்திவிடும் ‘கில் சுவிட்ச்’ இருக்கவேண்டும். செயலியின் மூல நிரல் (அது எழுதப்பட்ட நிரல் வரிகள்) யாரும் படித்துப் பார்க்கும்படி பொதுவெளியில் இருக்கவேண்டும் என்பது மூன்றாவது. புரோட்டானும் முல்வாட்டும் இதைச் செய்திருக்கின்றன.

‘ராணுவத் தரக் குறியாக்கம்’ என்ற சொல்லைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். நல்ல சேவைகள் எல்லாமே தருவது அதற்கு இணையான குறியாக்கம்தான்.

உலாவியில் சேர்க்கும் ‘விபிஎன்’ நீட்சிகள் அந்த உலாவியின் போக்குவரத்தை மட்டுமே திருப்பிவிடும். மற்றச் செயலிகளின் போக்குவரத்து எல்லாம் அந்த வைஃபையில் விபிஎன் இல்லாமலேயே போய்க்கொண்டிருக்கும்.

படி 7: சிறிய சந்தாவில் தொடங்குங்கள்

மூன்று ஆண்டுத் திட்டத்துக்கு 80 சதவீதத் தள்ளுபடி என்று திரையில் நேரம் குறைந்துகொண்டே வரும் கடிகாரம் ஓடும். பக்கத்தை மூடித் திறந்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடுவதைப் பார்க்கலாம். மூன்று ஆண்டில் ஒரு நிறுவனம் கைமாறலாம், கொள்கை மாறலாம். ஒரு மாதம் வாங்கிப் பாருங்கள், பிடித்தால் ஓராண்டு. முல்வாட் எத்தனை மாதம் வாங்கினாலும் மாதத்துக்கு 5 யூரோ என்ற ஒரே விலையை வைத்திருக்கிறது.

தள்ளுபடி விலை முதல் காலத்துக்கு மட்டும்தானா, புதுப்பிக்கும்போது எவ்வளவு என்பதைச் சிறிய எழுத்தில் தேடுங்கள். வெளிநாட்டு நிறுவனங்களுக்கான தானியங்கிக் கட்டணம் பல இந்தியக் கார்டுகளில் தோல்வியடைவது வழக்கம். ஓட்டலில் இருக்கும்போது சந்தா முடிந்து நிற்கவேண்டாம். நாட்காட்டியில் குறித்துவைத்துக் கையால் புதுப்பியுங்கள்.

படி 8: வீட்டிலேயே அமைத்துக்கொள்ளுங்கள்

நிறுவுவதையும் கணக்குத் தொடங்குவதையும் பொது வைஃபையில் செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குள் விபிஎன் பட்டியலைத் திறந்து, உங்கள் செயலியின் பெயருக்கு அருகே உள்ள பற்சக்கரத்தைத் தொடுங்கள். விபிஎன்னை எப்போதும் இயக்கத்தில் வைப்பதற்கு ஒரு பொத்தானும், விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடுப்பதற்கு இன்னொரு பொத்தானும் இருக்கும். இரண்டையும் போடுங்கள். செயலிக்குள் இருக்கும் கில் சுவிட்சைவிட இது உறுதியானது, ஏனென்றால் இதை நடத்துவது போனின் இயங்குதளமே.

வெளியே போனதும் வரிசை இப்படி இருக்கட்டும். வைஃபையில் இணையுங்கள். கைப்பேசி எண் கேட்கும் நுழைவுப் பக்கம் தானாக வரும், ஓடிபி கொடுங்கள். அந்தப் பக்கம் வராமல் அடம்பிடித்தால் விபிஎன்னையும் தடுப்பையும் தற்காலிகமாக நிறுத்தி, நுழைவை முடித்துவிட்டு, வேறு எதையும் திறப்பதற்கு முன் மறுபடி போடுங்கள். திரையின் மேல் பட்டையில் சிறிய சாவி உருவம் தெரிந்தால் விபிஎன் இயங்குகிறது. மின்னஞ்சலைத் திறப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2024 மே மாதம் ‘டனல்விஷன்’ என்ற தாக்குதல் முறை வெளியிடப்பட்டது. வைஃபையை நடத்துபவரோ அதில் ஊடுருவியவரோ, உங்கள் சாதனத்துக்கு முகவரி ஒதுக்கும்போதே ஒரு வழித்தடக் கட்டளையையும் சேர்த்து அனுப்பி, போக்குவரத்தை விபிஎன்னுக்கு வெளியே திருப்பிவிட முடியும். விபிஎன் இணைந்திருப்பதாகவே காட்டும். கில் சுவிட்சும் செயல்படாமல் போகலாம். விண்டோஸ், மேக், ஐபோன் எல்லாம் இதற்கு உட்பட்டவை. அந்த வகைக் கட்டளையை ஏற்கும் வசதியே ஆண்ட்ராய்டில் இல்லாததால் அது தப்பித்தது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் இதைப் பற்றி என்ன செய்திருக்கிறது என்று அதன் தளத்தில் தேடிப் பாருங்கள். தலைபோகிற வேலை என்றால் மடிக்கணினியை நேரடியாக அந்த வைஃபையில் இணைக்காமல், போனின் மொபைல் டேட்டா ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள்.

படி 9: கசிகிறதா என்று நீங்களே சோதியுங்கள்

இதற்கு ஐந்து நிமிடம் போதும். விபிஎன்னை நிறுத்திவிட்டு, டிஎன்எஸ் கசிவுச் சோதனைத் தளம் ஒன்றைத் திறங்கள். உங்கள் ஐபி முகவரியும், ஊரும், டிஎன்எஸ் சர்வர்களின் உரிமையாளர் பெயரும் வரும்; பெரும்பாலும் உங்கள் இணைய நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்கும். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது விபிஎன்னை இயக்கி, சிங்கப்பூரையோ வேறு நாட்டையோ தேர்ந்தெடுத்து, அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். முன்பு இருந்த பெயர்களில் ஒன்றுகூட இந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது. ஐபி முகவரி மாறியிருந்தும் டிஎன்எஸ் பட்டியலில் பழைய நிறுவனத்தின் பெயர் எட்டிப்பார்த்தால், நீங்கள் போகும் தளங்களின் பெயர்கள் இன்னும் வெளியே போய்க்கொண்டிருக்கின்றன என்று பொருள். ஐபிவி6 முகவரி (ஐபி முகவரியின் புதிய வகை) என்ற வரியையும் பாருங்கள். நம் மொபைல் நிறுவனங்கள் பல ஐபிவி6 தருகின்றன. பழைய முறையை மட்டும் மறைத்துவிட்டு ஐபிவி6ஐ அப்படியே விட்டுவிடும் சேவைகள் உண்டு. கசிந்தால் முதலில் செயலியின் அமைப்பைச் சரிபாருங்கள். அதன்பிறகும் கசிந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

எதை எதிர்பார்க்கக் கூடாது

கூகுள் கணக்கில் நுழைந்துவிட்டால் நீங்கள் யார் என்பது கூகுளுக்குத் தெரியும். விபிஎன் குறுக்கே நிற்காது. போலி வங்கித் தளத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்தால் விபிஎன் அதைப் பத்திரமாகக் குறியாக்கம் செய்து திருடனிடமே கொண்டுபோய்ச் சேர்க்கும். வைஃபையில் இருக்கும்போது சான்றிதழ் பிழை என்று உலாவி எச்சரித்தால், ‘பரவாயில்லை, தொடர்க’ என்று அழுத்தாதீர்கள். விபிஎன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும். சில வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் விபிஎன் இயங்கினால் வேலை செய்ய மறுக்கும். அப்போது வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பணத்தை அனுப்பிவிட்டு, பிறகு மறுபடி இணையுங்கள். விபிஎன்னை அணைத்துவிட்டு அதே பொது வைஃபையில் தொடரவேண்டாம்.

என் தேர்வு

எப்போதாவது பொது வைஃபை பயன்படுத்தும் ஒருவர் கேட்டால் புரோட்டானின் இலவசப் பிரிவைச் சொல்வேன். தினமும் பிறர் வைஃபையில் இருப்பவருக்கும், தொழில்ரீதியாக ரகசியம் காக்கவேண்டியவருக்கும் முல்வாட். வெளிநாட்டு ஓடிடி பார்ப்பதுதான் நோக்கம் என்றால் முல்வாட் ஏமாற்றும். அந்த வேலைக்கான சந்தை வேறு, இந்த வழிகாட்டி அதற்கானது அல்ல. வேறொரு பெயரை நீங்கள் கண்டுபிடித்தால் மூன்றாவது, நான்காவது படிகளில் அதை வைத்துப் பாருங்கள். அவற்றில் தேறினால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

புதியதை நிறுவுவதற்கு முன், போனில் ஏற்கெனவே கிடக்கும் பழைய இலவச விபிஎன்களைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். செயலியை நீக்குவதோடு நிறுத்தாமல், அமைப்புகளின் விபிஎன் பட்டியலில் அதன் பெயர் மிச்சமிருந்தால் அங்கிருந்தும் நீக்குங்கள். ஐபோனில் ‘விபிஎன் மற்றும் சாதன மேலாண்மை’ என்ற பகுதியில் பழைய சுயவிவரங்கள் தங்கியிருக்கலாம். அந்தச் செயலி எப்போதாவது ஒரு சான்றிதழை நிறுவச் சொல்லி, நீங்களும் சம்மதித்திருந்தால், பாதுகாப்பு அமைப்புகளில் பயனர் சான்றிதழ்கள் பட்டியலைத் திறந்து அதையும் அழித்துவிடுங்கள். குறியாக்கத்தைத் திறந்து படிக்கும் திறவுகோல் அதுவாகத்தான் இருக்கும். வீட்டில் பெரியவர்களின் போன்களிலும் இதே பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘போன் வேகமாகும்’ என்று ஏதோ விளம்பரம் சொன்னதைக் கேட்டு நிறுவிய விபிஎன்கள் அங்கேதான் அதிகம் கிடக்கின்றன.